மண்ணுக்குள்ள துருப்பிடிச்ச ரிவால்வர் கிடைச்சா அது எந்த ரகம், எந்தக் காலம்னு கண்டுபிடிக்கிறது எப்படி

ஏற்காட்டுப் பக்கம் பழைய எஸ்டேட் நிலத்துல காப்பிக்கோ மிளகுக் கொடிக்கோ குழி எடுக்கும்போது இரும்புச் சாமான் வர்றது புதுசு இல்ல. குதிரை லாடம், பழைய பூட்டு, உடைஞ்ச பல்சக்கரம்னு ஏதாவது வரும், யாரும் பெருசா கண்டுக்க மாட்டாங்க. ஆனா கடப்பாரையில டங்குன்னு பட்டு வெளிய வர்றது துப்பாக்கி உருவத்துல இருந்துச்சுன்னா அங்க நிக்கிற எல்லாருக்கும் கை பரபரக்கும், ஒருத்தர் எடுத்துக் கல்லுல தட்டிப் பார்ப்பாரு, ஒருத்தர் ட்ரிகர இழுத்துப் பார்ப்பாரு, இன்னொருத்தர் மண்ணெண்ணெய்ல ஊறப் போட்டா எல்லாம் கழண்டுரும்பாரு. தயவுசெஞ்சு எதையும் செய்யாதீங்க. ஒரு ரிவால்வர அடையாளம் காட்டுறது அதோட உருவமும் அது கிடந்த இடமும் தான், துருவ சுரண்டுறதால ஒன்னும் கூடுதலா தெரியப் போறதில்ல, இருக்கிறதும் போயிடும். கை வைக்காமலே எவ்வளவு தூரம் கண்டுபிடிக்கலாம்னு கீழ விவரமா எழுதுறேன்.

முதல்ல உயிர் விஷயம். துருப்பிடிச்சு கட்டியா ஆயிட்டா அது வெடிக்காதுன்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க, அது தப்பு. இரும்பு தான் துருப்பிடிக்கும், உள்ள இருக்கிற தோட்டாவோட கூடு பித்தளை, குண்டு ஈயம், ரெண்டும் மண்ணுல ரொம்ப வருஷம் தாங்கும், உள்ள காத்துப் புகாம இருந்தா மருந்தும் நல்லாவே இருக்கலாம். இன்னும் பழைய ரகத்துல தோட்டாவே கிடையாது, சிலிண்டருக்குள்ள கருமருந்தக் கொட்டி மேல ஈயக் குண்ட வச்சு அழுத்தி, பின்னாடி ஒரு செம்புக் கேப்ப மாட்டுவாங்க, தீபாவளிக்கு சுடுற பொட்டு வெடி மாதிரி அடிபட்டா பொறி பறக்கிற சமாச்சாரம் அது. கருமருந்து ஈரத்துல நமத்துப் போனாலும் காய்ஞ்சா மறுபடி பத்திக்கும். அதனால மண்ணுலருந்து வந்த எந்த ரிவால்வரா இருந்தாலும் உள்ள குண்டு இருக்குன்னே வச்சுக்கோங்க. குழல் எந்தப் பக்கம் பார்த்துட்டு இருக்கோ அந்தப் பக்கம் ஆள் நிக்கக் கூடாது, குழல் வாய்க்கு நேரா மூஞ்சிய கொண்டு போய் எட்டிப் பார்க்கிறது கூடவே கூடாது. சுத்தியல், கிரைண்டர், வெல்டிங், அடுப்பு எதுவும் பக்கத்துல வரக்கூடாது. வெயில்ல காய வைக்கவும் வேண்டாம்.

அடுத்து சட்டம், இத சுருக்கமா சொல்லிடுறேன். 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி வச்சிருந்தா குத்தம், 2019ல திருத்தினதுக்கு அப்புறம் சாதாரண ரகத்துக்கே குறைஞ்சது 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம் ஜெயில். அதே சட்டத்துல 45ஆவது பிரிவுல, ரொம்பப் பழைய ரகம், பழம்பொருள் மதிப்பு உள்ளது, இல்ல ரிப்பேர் பண்ணினாலும் சுட முடியாத அளவுக்குக் கெட்டுப்போனது, இதுக்கெல்லாம் விலக்கு இருக்கு. ஆனா உங்களுக்குக் கிடைச்சது அந்த விலக்குக்குள்ள வருதான்னு நீங்களோ நானோ திண்ணையில உக்காந்து முடிவு பண்ண முடியாது, அத ஆயுத நிபுணர் பார்த்துத் தான் சொல்லணும். இன்னொரு பக்கம் 1878 புதையல் சட்டம் இருக்கு, மண்ணுக்குள்ள மறைஞ்சு கிடந்த, 10 ரூபாய்க்கு மேல மதிப்புள்ள எது கிடைச்சாலும் என்ன கிடைச்சுது, எங்க, எப்பன்னு கலெக்டருக்கு எழுத்து மூலமா தெரியப்படுத்தணும். 100 வருஷத்துக்கு மேல பழசுன்னா 1972 தொல்பொருள் சட்டமும் கூட வந்துடும். ஆக பழைய இரும்புக் கடையில போடுறதும், பெட்டியில பூட்டி வைக்கிறதும், ஆன்லைன்ல விக்கிறதும் வம்ப விலை கொடுத்து வாங்குறது தான். 100க்கோ 112க்கோ ஒரு போன், கூடவே வி.ஏ.ஓ.வுக்கு ஒரு தகவல், இத முதல்ல பண்ணிடுங்க.

நம்ம ஊர்ப் பக்கம் இதுல ஒரு பயம் இருக்கு, எனக்குத் தெரியும். சேர்வராயன் மலை, கல்வராயன் மலைக் கிராமங்கள்ல லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிய தானா வந்து ஒப்படைச்சுடுங்கன்னு போலீஸ் அடிக்கடி அறிவிப்பு கொடுக்கிறது வழக்கம், அதனால துப்பாக்கின்னு வாயத் திறந்தாலே நம்ம மேல கேஸ் வந்துடுமோன்னு மேஸ்திரியும் கூலிக்கு வந்தவங்களும் பயப்படுவாங்க. "நமக்கு எதுக்குங்க வம்பு, அப்படியே மூடிப் போட்ரலாங்க"ன்னு தான் முதல் பேச்சே வரும். அவங்ககிட்ட பொறுமையா சொல்லுங்க, "அண்ணா, தொடாம போட்டோ எடுத்து நாமளே கூப்பிட்டு சொல்லிட்டா நாம தகவல் கொடுத்தவங்க, மூடி வச்சு நாளைக்கு வேற யாராவது எடுத்தா தான் பிரச்சினை"ன்னு. ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்துட்டு சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனு வாங்கினதுக்கு அத்தாட்சி, வாங்கிக்கோங்க, கண்டெடுத்த ஆளோட பேரு அதுல வரட்டும், ஓனர் பேர மட்டும் எழுதிட்டு வந்துடாதீங்க.

போலீஸ் மலை ஏறி வர்றதுக்குள்ள உங்களுக்குக் கிடைக்கிற நேரம் தான் பொன்னான நேரம். அந்த நேரத்துல துப்பாக்கிய தொடாம இடத்தப் பதிவு பண்ணுங்க. ஏற்காட்டுலயே இதுக்கு ஒரு பெரிய முன்னோடி இருந்திருக்காரு, ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863ல பல்லாவரத்துல, இந்தியாவுலயே முதன்முதலா பழைய கற்காலக் கருவிய கண்டெடுத்த நிலவியலாளர், ரிட்டயர் ஆன பிறகு ஏற்காட்டுல தான் குடியிருந்தாரு. இந்த மலையிலயும் கற்கருவிகள் எடுத்திருக்காரு. அவர் சேத்த பொருள்களெல்லாம் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போச்சு, எது எந்த ஊர்ல கிடைச்சதுன்னு கூடவே பட்டியல் இருக்கிறதால தான் அதுக்கு இன்னைக்கும் மதிப்பு. இடம் தெரியாத கல் வெறும் கல், ரிவால்வரும் அப்படித் தான்.

என்னென்ன பதியணும்னா, போன்ல லொகேஷன ஆன் பண்ணிட்டு முதல்ல தூரத்துலருந்து ஒரு போட்டோ, பக்கத்துல இருக்கிற சில்வர் ஓக் மரமோ பங்களா சுவரோ பாறையோ அதுல தெரியணும். அப்புறம் குழிய முழுசா ஒன்னு. அப்புறம் பொருள் மட்டும், பக்கவாட்டுல ஒரு பள்ளிக்கூட ஸ்கேல வச்சு, கேமராவ நேரா மேலருந்து பிடிச்சு ஒன்னு, சாய்ச்சு எடுத்தா நீளம் பொய் சொல்லும். தரை மட்டத்துலருந்து எத்தனை அங்குல ஆழம், எந்த நிற மண்ணு, மேல மட்கிப்போன கருப்பு மண்ணா, செம்மண்ணா, அதுக்குக் கீழ வர்ற கெட்டியான செம்பாறை மண்ணான்னு பாருங்க. கூட என்ன கிடந்துச்சுங்கிறது ரொம்ப முக்கியம். துணி, தோல் உறையோட பித்தளை பக்கிள், தகர டப்பா, கண்ணாடி பாட்டில் ஓடு, இதெல்லாம் காலத்தச் சொல்லும். பிளாஸ்டிக் கவர்ல சுத்தியிருந்தா அது துரைமார் காலத்துல புதைச்சது இல்ல, சமீபத்துல யாரோ ஒளிச்சு வச்சது, அங்கேயே எல்லாத்தையும் நிறுத்திட்டு தள்ளி நின்னுடுங்க, அது போலீஸ் வேலை.

துருவோட கனத்த வச்சு வயசு சொல்றவங்கள நம்பாதீங்க. மலை மேல மழை ஜாஸ்தி, செம்மண்ணு கொஞ்சம் புளிப்புத் தன்மை உள்ளது, இலைச் சருகு வேற ஈரத்தப் பிடிச்சு வச்சுக்கும், அங்க கிடந்த இரும்பு சீக்கிரம் அழுகிப் போயிடும். அதே துப்பாக்கி கீழ சேலத்துல மேக்னசைட் எடுக்கிற வெள்ளைக் கரட்டுப் பக்கம் காரத்தன்மை உள்ள காய்ஞ்ச மண்ணுல கிடந்திருந்தா இன்னும் நல்லா இருக்கும். 30 வருஷம் ஈரத்துல கிடந்ததும் 100 வருஷம் வறண்ட இடத்துல கிடந்ததும் பார்க்க ஒன்னு போலவே இருக்கலாம்.

இப்ப அடையாளத்துக்கு வருவோம். நடுவுல உருண்டையா ஒரு சிலிண்டர் இருந்தா தான் ரிவால்வர், அது இல்லாம தட்டையா இருந்தா பிஸ்டலோ ஒத்தைக் குண்டு கைத்துப்பாக்கியோ, வார்ப்பு இரும்புல செஞ்ச பழைய பொம்மைத் துப்பாக்கியாவும் இருக்கலாம். சிலிண்டர் இருக்குன்னு உறுதியானதும் நான் முதல்ல பார்க்கச் சொல்றது அந்த சிலிண்டருக்கு மேல. அங்க குழலயும் பின்பக்கத்தையும் இணைச்சு ஒரு இரும்புப் பாலம் போகுதா, இல்ல சிலிண்டர் மேல வெறும் வெளி தானா. எவ்வளவு துருவா இருந்தாலும் இது தெரியும்.

பாலம் இல்லேன்னா அது பெரும்பாலும் கோல்ட் ரகம், அமெரிக்காவோட சாமுவேல் கோல்ட் கம்பெனி டிசைன், இல்லேன்னா அத பார்த்து செஞ்சது. 1851 நேவி மாடல்னா எட்டுப் பட்டை வச்ச குழல், ஏழரை அங்குலம், மொத்த நீளம் 13 அங்குலம் வரும், ஆறு குண்டு. கோல்ட் 1853லருந்து சில வருஷம் லண்டன்லயே ஃபேக்டரி வச்சிருந்ததால பிரிட்டிஷ் அதிகாரிங்க கையில இது நெறைய இருந்துச்சு. குழலுக்கு அடியில ஒரு நீளமான லீவர் படுத்திருக்கும், குண்ட அழுத்தி உள்ள தள்ளுறதுக்கு. குழலோட பின்பகுதியில குறுக்க ஒரு ஆப்பு போகும், அது தான் குழலப் பிடிச்சு நிறுத்துறது, பக்கவாட்டு போட்டோவுல சிலிண்டருக்கு முன்னாடி சின்னதா துருத்திட்டு இருக்கும் பாருங்க.

பாலம் இருந்து, ஆனா சிலிண்டரோட பின்பக்கம் ஒவ்வொரு அறைக்கும் ஒரு சின்னக் காம்பு துருத்திட்டு இருந்தா அது கேப் மாட்டுற காலத்து இங்கிலீஷ் ரிவால்வர். ராபர்ட் ஆடம்ஸ் 1851ல கொண்டு வந்தது, குழலும் ஃபிரேமும் (சிலிண்டரச் சுத்தி நிக்கிற இரும்புச் சட்டம்) ஒரே இரும்பு, அஞ்சு அறை. அவரோட முதல் மாடல்ல ஹேமருக்கு, அதாவது பின்னாடி வந்து அடிக்கிற சுத்திக்கு, விரல் வைக்கிற வால் கிடையாது, ட்ரிகர இழுத்தா தான் ஏறி இறங்கும், பிறகு போமோன்ட்ங்கிற ராணுவ அதிகாரி செஞ்ச மாத்தத்தோட வால் வந்துச்சு, அத பிரிட்டிஷ் ராணுவம் 1856ல எடுத்துக்கிச்சு, 1857 கலகத்துல வடக்க நெறைய பேர் கையில இருந்தது இது தான். ட்ரிகர் வளையத்துக்கு வெளியவும் கீழ இன்னொரு ட்ரிகர் தொங்கினா அது பர்மிங்காம் வில்லியம் ட்ரான்டரோட இரட்டை ட்ரிகர் ரகம், கீழ உள்ளத இழுத்தா ஹேமர் ஏறும், மேல உள்ளத தொட்டா சுடும். இந்த ரெண்டாவது ட்ரிகர் உடைஞ்சு போயிருந்தாலும் வளையத்துக்குக் கீழ அதுக்கு விட்ட இடைவெளி இருக்கும், அத தேடிப் பாருங்க.

இந்தக் காம்பு ரகத்துல தான் ஆபத்து அதிகம்னு மறுபடி சொல்றேன். குண்ட முன்பக்கமா தான் அடைப்பாங்க, அதனால சிலிண்டரோட முன்முகத்துல, அறை வாய்ல சாம்பல் கலந்த வெள்ளையா ஒரு பொறுக்கு அடைச்சிருந்தா அது ஈயக் குண்டு, உள்ள மருந்தும் இருக்கு. இத பக்கவாட்டுலருந்து சாய்வா எடுத்த போட்டோவ பெருசு பண்ணிப் பார்த்தே சொல்லிடலாம், நேரா முன்னாடி போக வேண்டியதே இல்ல.

சிலிண்டர் பின்பக்க விளிம்புல ஒவ்வொரு அறைக்கு மேலயும் ஒரு சின்னப் பள்ளம் வெட்டியிருந்தா அது பின்ஃபயர், தோட்டாவுலருந்து பக்கவாட்டுல ஒரு ஊசி நீட்டிட்டு இருக்கும், அது உக்கார்றதுக்குத் தான் அந்தப் பள்ளம். பிரான்ஸ்ல லெஃபோஷோ கம்பெனி பேர் வாங்கிக் கொடுத்த முறை, பிரெஞ்சு கடற்படை 1858ல எடுத்துக்கிச்சு, பெல்ஜியத்துல லியேஜ் நகரத்துல மலை மலையா செஞ்சு உலகம் பூரா அனுப்பினாங்க. மடக்குற ட்ரிகர் வச்ச குட்டியான பின்ஃபயரும் உண்டு, அதுல ட்ரிகர் வளையமே இருக்காது, வளையம் உடைஞ்சிருக்குன்னு நெனைச்சு ஏமாந்துடாதீங்க.

காம்பும் இல்ல பள்ளமும் இல்ல, பின்பக்கம் தட்டையா இருந்தா அது நாம இன்னைக்குப் பார்க்கிற தோட்டா போடுற ரகம். அப்ப கேள்வி, இது எப்படித் திறக்கும். மூணு வழி இருக்கு. ஃபிரேம் முழுசா ஒரே கட்டா இருந்து, வலது பக்கம் சிலிண்டருக்குப் பின்னாடி சின்னதா ஒரு கதவு இருந்தா ஒவ்வொரு தோட்டாவா போட்டு எடுக்கிற ரகம், 1873 கோல்ட் பீஸ்மேக்கரும் இது தான், 1860கள் கடைசியில வந்த, வெப்ளிங்கிற இங்கிலீஷ் கம்பெனியோட ஆர்.ஐ.சி. (அயர்லாந்து போலீஸ்) மாடலும் இது தான். 1872ல வந்த வெப்ளி புல்டாக்னா ரெண்டரை அங்குலக் குழல், அஞ்சு குண்டு, கோட்டுப் பையில போட்டுட்டுப் போற சைஸ். இந்தக் குட்டை புல்டாக்க பெல்ஜியம்காரங்க எக்கச்சக்கமா காப்பி அடிச்சிருக்காங்க, அதனால உருவத்த வச்சு புல்டாக் ரகம்னு மட்டும் சொல்லுங்க, வெப்ளின்னு முத்திரை பார்க்காம சொல்லாதீங்க.

ரெண்டாவது வழி நடுவுல ஒடிச்சுத் திறக்கிறது, பிரிட்டிஷ்காரங்க இருந்த ஊர்ல எதிர்பார்க்க வேண்டியது இது தான், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன். வெப்ளியோட ராணுவ ரகம் இப்படித் தான் திறக்கும், அத பக்கவாட்டு போட்டோவுல பாருங்க. சிலிண்டருக்கு முன்னாடி, ஃபிரேமோட கீழ் மூலையில ஒரு பெரிய திருகாணித் தலை, அது தான் கீல். பின்னாடி, ஹேமருக்கு முன்ன, மேல் பாலத்த தழுவிட்டு அங்கவடி வடிவத்துல ஒரு பட்டை, அதோட இடது பக்கம் கட்டை விரலால அழுத்துற லீவர். கட்டை விரல் பட்டு அழுத்தினா பட்டை பின்னால சாயும், குழல் கீழ மடங்கும், சிலிண்டர் நடுவுல நட்சத்திர வடிவத்துல ஒரு தட்டு எழும்பி ஆறு கூட்டையும் வெளிய தள்ளும். மண்ணுல கிடந்ததுல இந்த லீவரும் பட்டையும் துருவோட ஒட்டி ஒரு மொத்தையா தெரியும், ஆனா ஹேமருக்கு முன்னாடி மேல் கோடு திடீர்னு தடிச்சு ஒரு திமில் விழுந்திருந்தா அது இந்தப் பட்டை தான். கீல் திருகும் இந்தத் திமிலும் ரெண்டும் சேர்ந்து தெரிஞ்சா வெப்ளி குடும்பம்னு தைரியமா சொல்லலாம்.

குடும்பத்துக்குள்ள எதுன்னு பிரிக்கிறதுக்குக் கைப்பிடியும் குழல் நீளமும் போதும். 1887ல ராணுவம் எடுத்துக்கிட்ட மார்க் 1 குழல் 4 அங்குலம், கைப்பிடி அடி உருண்டு வளைஞ்சிருக்கும். 1915ல வந்த மார்க் 6 குழல் 6 அங்குலம், மொத்தம் 11 கால் அங்குலம், கைப்பிடி அடி சதுரமா வெட்டினது, எடை ஒரு கிலோவுக்கு மேல. முதல் உலகப் போர்ல அதிகமா செஞ்சது இது தான், ஃபிரேம்ல செஞ்ச வருஷமே பொறிச்சிருக்கும். எல்லாமே பாயின்ட் 455 காலிபர், அதாவது அங்குலக் கணக்குல குண்டோட பருமன். அதுக்கப்புறம் 1932ல என்ஃபீல்டு நம்பர் 2 வந்துச்சு, தூரத்துலருந்து பார்த்தா மார்க் 6ஓட தம்பின்னு தோணும், ஆனா சின்னது, 5 அங்குலக் குழல், மொத்தம் பத்தேகால், பாயின்ட் 38. 1938லருந்து வந்ததுல ஹேமருக்கு வாலே இருக்காது, ராணுவ பீரங்கி டாங்குக்குள்ள ஏறி இறங்கும்போது மாட்டக் கூடாதுன்னு எடுத்துட்டாங்க. ஹேமர் வால் இல்லாத மடக்கு ரிவால்வர் கிடைச்சா உடைஞ்சு போச்சுன்னு எழுதிடாதீங்க, அந்த மொட்டையே அதோட அடையாளம்.

மூணாவது வழி சிலிண்டர் இடது பக்கமா வெளிய வர்றது. ரெண்டாம் உலகப் போர்ல அமெரிக்காவுலருந்து பிரிட்டிஷ் படைகளுக்கு வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் விக்டரி மாடல் இப்படித் தான். இதுல மேல் கோடு திமில் இல்லாம சீரா ஓடும். கைப்பிடிக்கு அடியில கயிறு கட்டுற வளையம் இருந்தா ராணுவமோ போலீசோ பயன்படுத்தினதுன்னு ஒரு குறிப்பு, ஆனா அத மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது.

கைப்பிடி ஓடு எதுல செஞ்சதுன்னும் கவனிங்க. மரம்னா நம்ம மண்ணுல கரையான் தின்னு காணாமப் போயிருக்கும், வெறும் இரும்புக் கூடு தான் மிஞ்சும். வெப்ளி ராணுவ மாடல்களுக்கு வல்கனைட்னு கெட்டி ரப்பர் ஓடு போட்டாங்க, அது மக்காது, கட்டம் கட்டமா வெட்டின வரிகூட அப்படியே இருக்கும். இரும்பு முழுசும் கட்டி கட்டியா இருக்க கைப்பிடி மட்டும் கருப்பா சுத்தமா இருக்கிறது இதனால தான், அதப் பார்த்துட்டு புதுசுன்னு நெனைச்சுடாதீங்க. திருகாணித் தலையில ஒத்தைக் கோடு இருந்தா பழசாவும் இருக்கலாம் புதுசாவும் இருக்கலாம், ஆனா நட்சத்திரமா குறுக்குக் கோடு போட்ட திருகு 1930களுக்கு அப்புறம் தான் புழக்கத்துக்கு வந்துச்சு, அது இருந்தா பழைய துப்பாக்கின்னு சொல்ற பேச்சே இல்ல, இல்லேன்னா பின்னாடி யாரோ மாத்தியிருக்காங்க. வெல்டிங் வச்ச தடம் தெரிஞ்சா உள்ளூர்ப் பட்டறை வேலை.

அளவு எடுக்கும்போது குழல் நீளம்னா குழல் வாய்லருந்து சிலிண்டரோட முன்முகம் வரைக்கும், ஹேமர் வரைக்கும் இல்ல. துரு வீங்கிட்டுப் போகும், இரும்பு இருந்த இடத்த விட அதிக இடத்த அடைக்கும், அதனால வெளி அளவு எல்லாம் கொஞ்சம் கூடவும் குழல் ஓட்டை ரொம்பச் சின்னதாவும் காட்டும். ஓட்டைய அளந்து காலிபர் சொல்றத விட்டுடுங்க, நீளங்களுக்குள்ள உள்ள விகிதத்தப் பாருங்க, குழல் சிலிண்டரப் போல எத்தனை மடங்குன்னு, துரு வீங்கினாலும் இது பெருசா மாறாது.

முத்திரை தான் எல்லாரும் தேடுறது, அதுக்காகத் தான் சுரண்டவும் செய்றாங்க. இங்க ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். மண்ணுல கிடந்த இரும்புல, அது புதுசா இருந்தப்ப இருந்த மேல்பரப்பு பல நேரம் உள்ள மிஞ்சின இரும்புல இருக்காது, துரு அடுக்குக்கு நடுவுல தான் இருக்கும். வெளிய மண்ணு கலந்த துரு, அதுக்கு உள்ள கெட்டியான கருந்துரு, இந்த ரெண்டும் சேர்ற இடத்துல தான் எழுத்தும் கிரீடமும் பதிஞ்சிருக்கும். கம்பி பிரஷ் போட்டு பளபளன்னு இரும்பு தெரியிற வரைக்கும் தேய்ச்சீங்கன்னா அந்தப் பரப்பத் தாண்டிப் போயிட்டீங்க, எழுத்து தூளா கீழ கொட்டிடுச்சு. புளி, எலுமிச்சை, வினிகர், பேட்டரி சார்ஜர் வச்சு சோடாத் தண்ணில கரண்ட் விடுறது, வீடியோவுல காட்டுற எல்லாமே இதத் தான் செய்யும். அருங்காட்சியகத்துல பாதுகாப்பு வேலை செய்றவங்க முதல்ல எக்ஸ்ரே எடுப்பாங்க, துருவுக்குள்ள உருவமும் தோட்டா இருக்கா இல்லையாங்கிறதும் அதுலயே தெரிஞ்சிடும், அப்புறம் தான் கத்தி முனையில மைக்ரோஸ்கோப் கீழ கொஞ்சம் கொஞ்சமா எடுப்பாங்க.

நீங்க செய்யக்கூடியது வெளிச்சம். சாயங்காலம் இருட்டினப்புறமோ ஒரு குடையப் பிடிச்சு நிழல் போட்டோ, டார்ச்ச தரையோட தரையா படுக்க வச்சு ஒரு பக்கமா மட்டும் வெளிச்சம் விழுற மாதிரி பிடிச்சு போட்டோ எடுங்க, வெளிச்சத்த நாலு திசையிலருந்தும் மாத்தி மாத்தி அடிங்க. நேர் வெளிச்சத்துல ஒன்னுமே தெரியாத இடத்துல சாய்ஞ்ச வெளிச்சத்துல நிழல் விழுந்து ஒரு வட்டமோ எண்ணோ எழும்பி வரும். பார்க்க வேண்டிய இடம் மேல் பாலம், சிலிண்டர் பக்கம், சிலிண்டருக்குக் கீழ ஃபிரேம், குழலோட பின்முனை. மறுபக்கத்த போலீஸ் எடுத்த அப்புறம் அவங்க அனுமதியோட எடுத்துக்கலாம்.

என்ன தெரிஞ்சா என்ன அர்த்தம்னா, குறுக்கா ரெண்டு செங்கோல், மேல கிரீடம்னா பர்மிங்காம் சோதனை முத்திரை (சுட்டுப் பார்த்து பலம் சோதிச்சதுக்கு அடிக்கிறது), 1813லருந்து 1904 வரைக்கும் உள்ளது, அதுக்கப்புறம் கிரீடத்துக்குக் கீழ பி.பி.ன்னு எழுத்து மாதிரி மாறிடுச்சு. நீள்வட்டத்துக்குள்ள ஈ.எல்.ஜி.ன்னு இருந்தா லியேஜ், அந்த வட்டத்து மேல கிரீடமும் இருந்தா 1893க்கு அப்புறம். அகலமான அம்புக்குறி பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து. மேல் பாலத்துல கல்கத்தா ராடா, மாண்டன்னு கடைப் பேரு இருந்தா அதிகாரியோ துரையோ சொந்தக் காசுல வாங்கினது, அப்பல்லாம் ஆபீசர்ங்க கைத்துப்பாக்கிய அவங்களே தான் வாங்கிக்கணும். எழுத்து திரும்பி விழுந்திருந்தா, ஸ்பெல்லிங் தப்பா இருந்தா, கைபர் கணவாய்ப் பக்கம் பட்டறையில அடிச்ச காப்பியா இருக்கலாம், ரொம்ப நேர்த்தியான காப்பியும் அங்க உண்டு.

சிலிண்டரப் பின்பக்கமா பார்க்கும்போது சிவப்புத் துருவுக்கு நடுவுல வட்ட வட்டமா பச்சை தெரிஞ்சா அது பித்தளைக் களிம்பு, கூடு உள்ள இருக்கு. சுட்ட கூடா சுடாத கூடான்னு ஆராய்ச்சி வேண்டாம், வந்த போலீஸ்காரர்கிட்ட முதல் வார்த்தையா இதச் சொல்லுங்க.

இது இந்த மலைக்கு எப்படி வந்திருக்கும்னு எல்லாரும் கேப்பாங்க. சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820கள்ல ஏற்காட்டுக்குக் காப்பி கொண்டு வந்ததுலருந்து துரைமார் பங்களா வரிசையா வந்துச்சு, 1878 ஆயுதச் சட்டம் நம்ம ஆளுங்களுக்கு லைசென்ஸ் கேட்டப்ப வெள்ளைக்காரங்களுக்கு விலக்கு கொடுத்திருந்துச்சு, அதனால அந்தக் காலத்து ரிவால்வர் பங்களாப் பக்கம் கிடைச்சா முதல்ல துரை வீட்டுத் திசையில யோசிக்கிறது நியாயம் தான். ஆனா தொலைஞ்சதா, ஒளிச்சதா, கெட்டுப்போச்சுன்னு குப்பையில போட்டதாங்கிறத குழி தான் சொல்லும். உடைஞ்ச பீங்கானும் பாட்டிலும் கூடவே இருந்தா அது பழைய குப்பைக் குழி. சுத்தி சுத்தமா வெட்டின குழி, மண்ணு நிறம் மாறி, நடுவுல பொருள் மட்டும் படுத்திருந்தா யாரோ வேணும்னே புதைச்சது. கலகத்துல ஒளிச்சது, புரட்சிக்காரர் புதைச்சதுன்னு கதை கட்டி வாட்ஸ்ஆப்ல அனுப்பாதீங்க, அந்தக் கதை பரவினா அடுத்த நாளே நாலு பேர் மெட்டல் டிடெக்டரோட உங்க காட்டுக்குள்ள நிப்பாங்க.

கலெக்டருக்கு எழுதுற கடுதாசியில கண்டெடுத்த தேதி, சர்வே நம்பர், ஆழம், கண்டெடுத்தவர் பேரு, ஸ்டேஷன் சி.எஸ்.ஆர். நம்பர், இதோட உங்க அடையாளக் குறிப்பையும் சேருங்க. "மடக்கித் திறக்கும் ரகம், குழல் சுமார் 6 அங்குலம், சதுரக் கைப்பிடி, ஆறு அறை, பின்பக்கம் பச்சைக் களிம்பு, முத்திரை தெரியவில்லை"ன்னு பார்த்தத மட்டும் எழுதுங்க, வெப்ளி மார்க் 6 ஆக இருக்கலாம்ங்கிறத கடைசியில தனி வரியா போடுங்க. ஆய்வு முடிஞ்சு கேஸ் எதுவும் இல்லேன்னா சேலம் அரசு அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கச் சொல்லி அதுலயே ஒரு வேண்டுகோள் வைங்க, இல்லேன்னா பறிமுதல் சாமானோட சேர்ந்து அழிக்கப் போயிடும். போட்டோ எல்லாத்தையும் ஒரு பென் டிரைவ்ல போட்டு கூடவே கொடுங்க, வாட்ஸ்ஆப்ல அனுப்பினா சைஸ் சுருங்கி அந்தச் சாய்ஞ்ச வெளிச்சத்துல எடுத்த முத்திரை எல்லாம் மங்கிடும்.